தெப்பம் சொன்ன சாட்சி

அத்தியாயம் 9

“ஒரு பிழை கண்டுபிடிச்சுத் தா ஜஸ்ரின். ஒரேயொரு பிழை கிடைச்சாலே காணும்,” என்றாள் உதயகலா.

வேறு நாளாக இருந்தால் இதற்கு ஜஸ்ரின் மூன்று பகிடியாவது விட்டிருப்பான். கொம்பியூட்டர்காரனிடம் வந்து யாராவது பிழை கேட்பார்களா? அவனிடம் மூட்டை மூட்டையாக இருக்கிற ஒரே சொத்து அதுதானே. ஆனால் புன்னையடித்துறை மீனவர் சங்கக் கட்டடத்தின் வாசற்படியில் கோபிகா நின்றுகொண்டிருந்தாள். கடலில் காணாமற்போன சுதாகரனின் மனைவி. சனிக்கிழமையிலிருந்து அவள் உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை. இன்று புதன். ஜஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டு லப்ரொப்பைத் திறந்தான்.

உதயகலா இருபது வருடமாகக் காப்புறுதிக்காரருக்காக எரிந்த கடைகளையும் கடலில் மூழ்கிய படகுகளையும் விசாரித்தவள். இப்போது யாழ்ப்பாணம் ரவுணில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். ஜஸ்ரின் அவளுடைய உதவியாளன். கொம்பியூட்டர் பார்ப்பதற்குச் சம்பளம், வாய் மட்டும் இலவசம் என்று அவளே சொல்லுவாள். அந்த இலவச வாய் அன்று காலையிலிருந்து காய்ந்துபோய்க் கிடந்தது.

நடந்தது இதுதான். வெள்ளி பின்னேரம் சுதாகரனும் தம்பி டிலக்ஷனும் ஆளுக்கொரு பைபர் படகில் தொழிலுக்குப் போனார்கள். சனி விடிய டிலக்ஷன் மட்டும் வந்தான். பருத்தித்துறை முனைக்கு வடகிழக்கே அண்ணனின் எஞ்சின் நின்றுவிட்டது, கயிறு கட்டி இழுத்தேன், தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றில் கயிறு அறுந்துவிட்டது, இருட்டில் அண்ணனைத் தவறவிட்டேன் என்று கரையில் விழுந்து அழுதான்.

அந்தத் துறைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் கடலில் காணாமற்போனால் அவன் வந்து சேரும்வரை, அல்லது இனி இல்லையென்று ஊர் ஒப்புக்கொள்ளும்வரை, எவரும் வலை போடமாட்டார்கள். அத்தனை படகும் தேடத்தான் போகும். சொந்தக்காரன், பகையாளி என்ற பேதமில்லை. நல்ல வழக்கம்தான். அதைக் குறை சொல்ல இந்தக் கதை சொல்லுகிற எனக்கும் மனமில்லை.

எங்கே தேடுவது என்று சொன்னது ஜஸ்ரினின் லப்ரொப். அதற்குள் ஓடுகிற புறோகிராமை எழுதியவர் செபநாயகம் என்ற கணித விரிவுரையாளர். ஆள் இறந்து கனகாலம். எண்பதுகளில் இந்தக் கரை முழுக்கப் போத்தல்களைக் கடலில் விட்டு, அவை போய்ச் சேர்ந்த இடங்களைத் தேடித் தேடி, எந்தக் காற்றுக்கு எந்தப் பொருள் எங்கே போய் ஒதுங்கும் என்று கணக்கெடுத்தார். அந்தக் கணக்கை அந்தக் காலத்து யுனிக்ஸ் மெஷின் ஒன்றுக்குப் புறோகிராமாக எழுதினார். மெஷின் பழைய இரும்புக்குப் போய்விட்டது. எழுதிய தாள்கள் சண்டைக்குள் எரிந்தன. மிஞ்சியது மெஷின் மொழியிலிருந்த புறோகிராம் மட்டும். இன்றைய கொம்பியூட்டருக்கு அதில் ஒரு சொல்லும் விளங்காது.

அங்கேதான் ஜஸ்ரினின் கெட்டித்தனம். செத்த மெஷினை முழுதாக எழுப்பத் தேவையில்லை, புறோகிராமை மட்டும் பேசவைத்தால் காணும் என்று எமுலேற்றர் ஒன்றைப் போட்டான். நீதிமன்றத்தில் நிற்கிற மொழிபெயர்ப்பாளர் மாதிரி அது. சாட்சிக்கு ஒரு பாஷை, நீதவானுக்கு இன்னொரு பாஷை. இவர் நடுவில் நின்று அங்கே கேட்டதை இங்கேயும், இங்கே சொன்னதை அங்கேயும் மாற்றிக் கொடுப்பார். புறோகிராமுக்குத் தான் இன்னும் பழைய மெஷினில் இருப்பதாகவே நினைப்பு.

டிலக்ஷன் சொன்ன இடத்தைக் கொடுத்தபோது அது கிழக்கே, ஆழக்கடல் பக்கம் கையைக் காட்டியது. ஊர்ப் படகுகள் அத்தனையும் கிழக்கே போயின. கடற்படையும் அங்கேதான் தேடியது. ஒரு பலகைத் துண்டுகூட அகப்படவில்லை.

பிறகுதான் அந்த மண்ணெண்ணெய்க் கான் வந்தது. ஞாயிறு காலை தொண்டைமானாற்றுக் கரையில் ஒதுங்கியிருக்கிறது. கண்டெடுத்தவர் நல்ல கான் என்று வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். நேற்றுத்தான் செய்தி கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதன் கைபிடியில் நீலக் கட்டம் போட்ட சாரத் துண்டு முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை சுதாகரன் உடுத்துப்போன சாரம். துண்டைத் தொட்டவுடனேயே கோபிகா சொல்லிவிட்டாள். உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல ஒரு மனிதன் தன் உடுப்பைக் கிழித்து முடிந்து அனுப்பியிருக்கிறான்.

கோளாறு என்னவென்றால் தொண்டைமானாறு மேற்கே இருக்கிறது. சோளகக் காலத்தில் இந்தக் கடலில் எல்லாம் கிழக்கே போகுமே தவிர மேற்கே வராது. முனைக்கு வடகிழக்கே நின்ற படகிலிருந்து விழுந்த கான் தொண்டைமானாற்றுக்குப் போகவே போகாது என்று புறோகிராம் ஒற்றைக்காலில் நின்றது. கான் போயிருக்கிறது. ஆகவே புறோகிராம் பொய். ஊர் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது.

கோபிகாவும் அப்படித்தான் வேண்டிக்கொண்டிருந்தாள். புறோகிராம் பொய்யென்றால் சுதாகரன் மேற்கே, கரையோரமாக, கைக்கெட்டிய தூரத்தில் எங்கேயாவது இருப்பான்.

“இன்னும் ஒருக்காப் போய்த் தேடத்தான் சங்கத்திலை மண்ணெண்ணெய் கிடக்கு,” என்றார் சங்கத் தலைவர் தேவராசா. “கிழக்கையோ மேற்கையோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. படகெல்லாம் தள்ள ரெடியா நிக்குது.”

“அதுக்குத்தான் பிழை வேணும்,” என்றாள் உதயகலா. “எங்கை பிழை வந்திருக்கலாம் ஜஸ்ரின்?”

“முதல் சந்தேகம் மொழிபெயர்ப்பாளர்தான் அக்கா. சாட்சி ஒண்டைச் சொல்ல இவர் வேற ஒண்டைச் சொல்லியிருக்கலாம். புறோகிராம் கேக்கிற ஒவ்வொரு கேள்வியையும் அவர் வாய்விட்டுச் சொல்ல வைக்கிறன்.”

ஒரு கட்டளையைத் தட்டினான். திரையில் வரிவரியாக ஓடியது. காற்றுக் கணக்கு எங்கே என்று புறோகிராம் கேட்டது. இந்தா என்று லப்ரொப் கொடுத்தது. நேரம் என்ன என்று கேட்டது, சொன்னது. பிரிண்டர் எங்கே என்று கேட்டது, இல்லை என்றது. ஜஸ்ரின் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு போனான். ஓரிடத்தில் விரல் நின்றது.

“அக்கா, இஞ்சை ஒண்டு இருக்கு!”

கோபிகா படியேறி உள்ளே வந்துவிட்டாள்.

“வருசத்தைப் பாருங்கோ. பத்தொன்பதாயிரத்து நூற்றி இருபத்தஞ்சு எண்டு அடிக்குது. அந்தக் காலத்திலை ரெண்டாயிரம் ஒண்டு வருமெண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை. தொள்ளாயிரத்திலையிருந்து எண்ணின வருசத்துக்கு முன்னாலை பத்தொன்பது எண்டதை ஒட்டிப்போட்டு விட்டிட்டாங்கள். இது இப்ப பத்தொன்பதாம் ஆயிரத்திலை நிக்குது. அங்கையும் மண்ணெண்ணெய்க்குக் கியூவிலைதான் நிப்பம், அது வேற கதை.”

பகிடி தானாக வாயில் வந்துவிட்டது. தேவராசா கூட லேசாகச் சிரித்தார். வருசம் பிழைத்தால் நிலவு பிழைக்கும், நிலவு பிழைத்தால் கடலின் வற்றுப்பெருக்கு பிழைக்கும், அது பிழைத்தால் எல்லாம் பிழை. கோபிகாவின் முகத்தில் இரத்தம் ஓடியதை ஜஸ்ரின் கண்ணால் கண்டான்.

“அப்ப பிழைதானே தம்பி?” என்றாள்.

ஜஸ்ரின் இன்னும் சில வரிகள் கீழே போனான். அவனுடைய குரல் இறங்கிவிட்டது. “இல்லை அக்கா... அச்சடிக்கிறதிலை மட்டும்தான் பிழை. உள்ளுக்குக் கணக்குப் பாக்கிறது வேற நேரத்திலை. அது சரியாத்தான் இருக்கு.”

கொடுத்ததைத் திருப்பிப் பிடுங்குவது போல ஒரு பாவம் இல்லை. கோபிகா கையிலிருந்த சாரத் துண்டை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

மூலையில் உட்கார்ந்து நைலோன் கயிறு சுற்றிக்கொண்டிருந்த டிலக்ஷன் தலையை நிமிர்த்தினான். “உது செத்த மெஷினின்ரை பேய் அக்கா. உதைப் போய் நம்பிக்கொண்டு. மேற்கை போவம். நேற்றே சொன்னனான்.”

“பேயெண்டாலும் கேட்டதுக்குத்தான் மறுமொழி சொல்லுது, டிலக்ஷன்,” என்றான் ஜஸ்ரின். “மனிசரைவிட அந்தளவுக்குப் பறவாயில்லை.”

உதயகலா ஜன்னலண்டை போய் நின்று கடலைப் பார்த்தாள். அவள் இப்படி நின்றால் ஏதோ ஒன்றைப் பிடித்துவிட்டாள் என்று அர்த்தம். திரும்பாமலே பேசினாள்.

“நெருப்புப் பிடிச்ச கடைக்காரரை நான் என்னெண்டு விசாரிக்கிறனான் தெரியுமோ? முதல்லை எனக்கு விடை தெரிஞ்ச கேள்வி ஒண்டைக் கேப்பன். அதுக்கு உண்மை சொன்னால்தான் மற்றதைக் கேப்பன். இந்தப் பேயிட்டையும் அப்பிடி ஒண்டு கேப்பம். தேவராசா அண்ணை, இந்தக் கிழமை இஞ்சையிருந்து கடலிலை போன சாமான் ஏதும் இருக்கோ? விட்ட இடமும் தெரியோணும், பிறகு கண்ட இடமும் தெரியோணும்.”

தேவராசா யோசித்தார். “ஒண்டு இருக்குப் பிள்ளை. தெப்பம்.”

ஞாயிறு பின்னேரம், பொழுதுபடுகிற நேரத்தில், கரையிலிருக்கிற கோயில் அம்மனுக்கு நேர்ந்து துறையிலிருந்து தெப்பம் விட்டிருந்தார்கள். நீர்வேலியிலிருந்து வாழைக்குற்றி கொண்டுவந்து கட்டி, கும்பம் வைத்து, விளக்கேற்றி, மேளமடித்து, சுதாகரனைத் திருப்பித் தா என்று கடலுக்கு அனுப்பியது. திங்கள் காலை தேடப்போன படகுகள் அதே தெப்பத்தைக் கிழக்கே நடுக்கடலில் கண்டிருக்கின்றன.

“கண்ட இடம் ஜீபிஎஸ்ஸிலை கிடக்கு. சொல்லட்டோ?”

“வேண்டாம். பொத்தி வைச்சிருங்கோ. முதல்லை பேய் சொல்லட்டும்.”

செபநாயகம் மாஸ்ரர் பொருளைத் தெரிவு செய்யவும் வழி வைத்திருந்தார்: போத்தல், மரம், வள்ளம். ஜஸ்ரின் மரத்தைத் தெரிவு செய்தான். துறையின் இடத்தைக் கொடுத்தான், ஞாயிறு பின்னேரத்தைக் கொடுத்தான், தட்டினான். திரையில் இரண்டு இலக்கங்கள் விழுந்தன. அவற்றை உரக்க வாசித்தான்.

தேவராசா கையிலிருந்த ஜீபிஎஸ்ஸைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப்போட்டு மறுபடி பார்த்தார். “கூப்பிடு தூரத்திலை சொல்லியிருக்கு. என்ரை அம்மாளே.”

“எப்பிடி!” என்று ஜஸ்ரின் மேசையில் தட்டினான். நேற்றிலிருந்து ஊர் முழுக்கத் திட்டிய புறோகிராம், மாஸ்ரர் போத்தல் போத்தலாகப் பொறுக்கிய கணக்கு, இத்தனை வருடம் கழித்து வேறொரு மெஷினின் வாயால் உண்மை சொல்லிவிட்டது. அந்தச் சந்தோசம் அவனுக்கு ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. பிறகு கோபிகாவைப் பார்த்தான். புறோகிராம் சரியென்றால் மேற்கு இல்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேசையில் தட்டிய கையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

“கானும் பொய் சொல்லேல்லை,” என்றாள் உதயகலா மெதுவாக. “சாரம் அவரின்ரை சாரம். தொண்டைமானாற்றிலைதான் எடுத்தது. இப்ப பேயும் பொய் சொல்லேல்லை. இரண்டு சாட்சியும் உண்மை, இரண்டும் ஒண்டுக்கொண்டு முரண். அப்ப மூண்டாவது ஒரு சாட்சி இருக்கோணும்.”

அவள் ஜன்னலை விட்டு மூலைப் பக்கம் திரும்பினாள்.

“முனைக்கு வடகிழக்கெண்டு எங்களுக்குச் சொன்னது ஆர்?”

கயிறு சுற்றுகிற சத்தம் நின்றது.

“ஜஸ்ரின், வெள்ளி இரவிலையிருந்து ஒரு வள்ளத்தை விட்டுப் பார். பிறகு அதிலையிருந்து ஒரு போத்தலை எறி. ஞாயிறு காலமை போத்தல் தொண்டைமானாற்றிலை ஒதுங்கோணும். எங்கையிருந்து விட்டால் ஒதுங்கும்?”

“காங்கேசன்துறை...” தொண்டைமானாற்றுக்கும் மேற்கேயுள்ள ஊர்களை ஜஸ்ரின் ஒவ்வொன்றாகத் தட்டினான். “இல்லை, அது சனிக்கிழமையே தாண்டிடும். காரைநகர்... இல்லை, வந்து சேராது. மாதகல்...” இடத்தைக் கொஞ்சம் வடக்கே, இந்தியாவின் கடலெல்லைக் கோட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனான். இலக்கங்கள் விழுந்தன. “அக்கா. மாதகலுக்கு நேர் வடக்கு. கோட்டுக்குப் பக்கத்திலை.”

“அங்கை மீன் பிடிக்கவோ போனனீங்கள் டிலக்ஷன்?”

டிலக்ஷனின் கையிலிருந்த கயிறு நிலத்தில் விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

“அக்கரையிலையிருந்து பொதி வாறதெண்டு கள்ளக் கடத்தல்காரர் சொன்னாங்கள்,” என்றான். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. “ஒருக்காத்தான் எண்டு நான்தான் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனனான். அவருக்கு விருப்பமில்லை. அங்கைதான் எஞ்சின் நிண்டது. அவங்கடை பெரிய படகு பக்கத்திலை நிண்டது. நீ பொதியைக் கொண்டு போ, உன்ரை அண்ணையை நாங்கள் இழுத்து வாறம், வாயைத் திறந்தியோ இரண்டு பேருக்கும் மறியற்சாலைதான் எண்டாங்கள்.”

“அதாலை?”

“சனிக்கிழமை பின்னேரத்துக்குள்ளை கொண்டுவந்திடுவாங்கள் எண்டு நினைச்சன் அக்கா. அதுவரைக்கும் ஏதோ ஒரு இடம் சொல்லோணுமே. ஞாயிற்றுக்கிழமை கேட்டால், நாங்கள் திரும்பிப் போகேக்கை காணேல்லை எண்டுறாங்கள். அதுக்கிடையிலை ஊர்ப் படகெல்லாம் கிழக்கை போட்டுது. நான் என்னெண்டு சொல்லுறது?”

“நேற்று மேற்கை போவம் எண்டு சொன்னது அதுக்குத்தானோ?”

அவன் தலையாட்டினான். பிழை புறோகிராமில் என்று ஊர் நம்பினால், தன் பொய்யை வெளியே எடுக்காமலே அண்ணனைத் தேடலாம். அவ்வளவுதான் அவன் போட்ட கணக்கு. சின்னப்புத்திக் கணக்கு, ஆனால் அதற்குள்ளும் அண்ணன்மேல் பாசம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தேவராசா அவனை அடிக்கக் கை ஓங்கினார். கோபிகா குறுக்கே வந்தாள். டிலக்ஷனை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

“தம்பி ஜஸ்ரின், அவர் நிண்ட இடம் இப்ப தெரியும்தானே. அங்கையிருந்து விடு. இப்ப எங்கை நிக்கிறார் எண்டு சொல்லு.”

ஜஸ்ரின் உதயகலாவைப் பார்த்தான். அவள் வேண்டாமென்று சொல்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் சொல்லவில்லை. அவன் வள்ளத்தைத் தெரிவு செய்து, மாதகலுக்கு வடக்கே வைத்து, நாள்நாளாக ஓடவிட்டான்.

“சனி மத்தியானம் கீரிமலைக்கு நேரே. சனி இரவு மயிலிட்டி தாண்டுது. ஞாயிறு காலமை தொண்டைமானாற்றுக்கு வெளியிலை. ஞாயிறு பின்னேரம்...” நிறுத்தினான்.

“சொல்லு.”

“ஞாயிறு பின்னேரம் எங்கடை துறைக்கு நேரே, அக்கா.”

வெளியே கடல் எப்போதும் போல இரைந்துகொண்டிருந்தது. வேறு எந்தக் கிழமையாக இருந்தாலும் அந்த நேரத்தில் அந்தக் கடலில் பத்து வலைப்படகாவது நின்றிருக்கும். ஒருவன் கண்ணிலாவது பட்டிருப்பான். அந்த ஞாயிறு ஒரு படகும் இல்லை. வழக்கப்படி வலை போடவில்லை. வழக்கப்படி அத்தனை பேரும் பகல் முழுக்கக் கிழக்கே தேடினார்கள், பின்னேரம் தெப்பம் விட வந்து கரையில் கூடிவிட்டார்கள்.

“திங்கள் காலமை?” என்று தேவராசா கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

“நீங்கள் தெப்பம் கண்ட இடத்துக்குக் கொஞ்சம் கிழக்கை. தெப்பம் அவருக்குப் பின்னாலைதான் போயிருக்கு. ஒரே நீரோட்டம்.”

“நாங்கள் அதிலையிருந்து திரும்பினனாங்கள்.” தேவராசா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். “தெப்பம் கண்ணிலை பட்டது நல்ல சகுனம், ஆள் கரைக்கு வந்திருப்பான் எண்டு திரும்பினனாங்கள்.”

ஜஸ்ரின் செவ்வாயைத் தட்டினான். புதனைத் தட்டினான். இலக்கம் வரவில்லை. அதற்குப் பதிலாக இங்கிலிஸ் எழுத்தில் தமிழ் வசனம் ஒன்று விழுந்தது. செபநாயகம் மாஸ்ரர் தன் கைப்பட எழுதிவைத்தது.

“என்ன போட்டிருக்கு?” என்றாள் கோபிகா.

“‘இதுக்கு அங்காலை நான் அளக்கேல்லை.’”

“அங்காலை கடல் இல்லையோ?”

“கடல் இருக்கு அக்கா. கணக்குத்தான் இல்லை.”

தேவராசா எழுந்து வெளியே போய், இருக்கிற மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் ஏற்றச் சொன்னார். கிழக்கே, போகக்கூடிய அளவுக்குப் போவோம் என்றார். பொடியள் கேட்டுக் கேள்வியில்லாமல் கான்களைத் தூக்கினார்கள். போகிறவர்களுக்கும் தெரியும், அனுப்புகிறவருக்கும் தெரியும். டிலக்ஷன் போய்ப் படகொன்றின் முன்புற அணியத்தில் கைவைத்தான். யாரும் அவனைத் தள்ளவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

உள்ளே கோபிகா மேசையை விட்டு நகரவில்லை. “ஞாயிறு பின்னேரத்தைத் திரும்பப் போடு தம்பி.”

போட்டான்.

“கரையிலையிருந்து எவ்வளவு தூரம்?”

“கனக்க இல்லை. பொழுதுபட்ட இருட்டுக்குள்ளை எங்களுக்கு அவரைத் தெரிஞ்சிருக்காது.”

“அவருக்கு?”

உதயகலாதான் சொன்னாள். “கோயில் வெளிச்சம் தெரிஞ்சிருக்கும் பிள்ளை.”

“அப்ப கத்தியிருப்பார்.” கோபிகா ஜன்னலுக்கு வெளியே, துறைக்கு நேரே பார்த்தாள். “காத்து எங்கடை பக்கம் இல்லாட்டிலும் கத்தியிருப்பார். அவரின்ரை குரல் எனக்குத் தெரியும், எவ்வளவு தூரத்திலை எண்டாலும் பிடிச்சிருப்பன்.”

சாரத் துண்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

“அண்டைக்குத் தெப்பம் விடேக்கை மேளத்தை நிப்பாட்டப் பாத்தவை. நான்தான் இன்னும் பலமா அடியுங்கோ எண்டு சொன்னனான். கடலுக்குக் கேக்கோணும் எண்டு.”